இரண்டாம் தவணை

கோபி கிளைச்சிறை வாசலில்
குளிர்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
ஐஸ் பொதிகளை ஒவ்வொன்றாய் எடுத்து
வெயிலில் தூக்கிப் பார்த்தார் வார்டர் தங்கமுத்து.
மூடிருங்க சார், சூடேறிரும் என்றேன்.
சித்த கையை வெச்சுக்கறனுங்க, என்ன வெய்ய என்றார்.

ஊசி இருபது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
திரும்பும்போதும் இருபது இருக்கவேண்டும்,
போட்டது போடாதது எல்லாம் சேர்த்து.
பதினெட்டுப் பேரையும் அப்படித்தான்
காலையில் ஒருமுறை, லாக்கப் மூடுகையில் ஒருமுறை
எண்ணுகிறார்கள்.

மஞ்சள் காமாலைத் தடுப்பூசி என்றதும்
ஈரோட்டு மண்டியில் மூட்டை சுமந்த அப்பாச்சி
சட்டையைக் கழற்றாமல் நின்றான்.
இருவது வருசமா மஞ்சளத்தானுங்க சொமந்தேன்,
அதே என்னைப் புடிக்குமா?
சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் போட்டுவிட்டேன்.

கள் இறக்கிய வழக்கு சென்னியப்பனுக்கு
பனை உரசிக் காய்த்த தோள்.
சற்றுக் கீழே தேடி இறக்கினேன்.
மூணு தவணைங்க: இன்னிக்கு, அடுத்த மாசம், ஆறாம் மாசம்.
ஆறாம் மாசமும் நான் இங்கயே கெடக்கணும்னு
சாபம் உடறீங்களாக்கா என்றான்.
பதில் தெரியாமல் பஞ்சை அழுத்திப் பிடித்தேன்.

கடைசியாக திபாகர்.
நம்பியூர் நூல் மில்லில் ஏதோ அடிதடி.
ஒடிசாவிலிருந்து வந்தவன்,
உள்ளே வந்து கற்ற தமிழ் இரண்டு சொல்.
ஒன்று சோறு.
அட்டையில் நான் எழுதிய தேதியைத் தொட்டு
மற்றதைச் சொன்னான்: வாய்தா?
இல்லை என்று தலையாட்டினேன்.
பிறகு ஆமாம் என்றும் ஆட்டினேன்.
பெல்ட், போன், அரைஞாண் கயிறு இருந்த உறையில்
அட்டையும் போயிற்று.

குப்பியில் இரண்டு பேருக்கு மீதம்.
சார், உங்களுக்கு?
எனக்கெதுக்குங்க, நானென்ன கைதியா என்றார் தங்கமுத்து.

அடுத்த மாதம் போனேன்.
பதினெட்டில் ஏழு பேர்தான் இருந்தார்கள்.
ஜாமீன், கோவை மத்தியச் சிறை, ஜாமீன்,
அப்பாச்சி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.
சென்னியப்பன் இருந்தான், என்னைப் பார்க்காமல் தோளைக் காட்டினான்.
புதிதாய் வந்த பன்னிரண்டு பேருக்கு முதல் தவணை.
என் பதிவேட்டில் முதல் கட்டம் மட்டும்
பக்கம் பக்கமாய் நிரம்புகிறது,
மூன்றாம் கட்டத்தில் இன்னும் ஒரு புள்ளி இல்லை.

ஊசி இருபது. எண்ணி வெளியே விட்டார்கள்.
போட்டது பத்தொன்பது, புதிது ஒன்று.

எதிர் ஜெராக்ஸ் கடை நிழலிலிருந்து
ஓடி வந்தான் திபாகர்.
நான்காய் மடித்த அட்டை, வியர்வையில் மை கசிந்து
தேதி மட்டும் தெரிந்தது.
ஏழு மணியிலிருந்து கேட்டைத் தட்டறானுங்க,
போடா போடாங்கறேன், போகமாட்டேங்கறான்,
உள்ள உடு உள்ள உடுன்னு ஒரே அழிச்சாட்டியம்,
என் சர்வீசுல இப்படியொருத்தனப் பாத்ததில்ல
என்றார் தங்கமுத்து.

ஸ்கூட்டர் சீட்டில் உட்கார வைத்தேன்.
மில் பஞ்சு ஒட்டிய கை.
குப்பியில் இருந்த கடைசி அரை மில்லி
எந்தச் சத்தமும் இல்லாமல் இறங்கியது.

பதிவேட்டில் இடம் என்றொரு கட்டம்.
சிறை என்று எழுத முடியாது,
நம்பியூர் என்றால் அது என் எல்லை இல்லை,
மேலே கேள்வி கேட்பார்கள்.
வாசல் என்று எழுதினேன்.

ஐந்து மாதம் தள்ளி ஒரு தேதி போட்டு நீட்டினேன்.
வாங்கி, விரல்விட்டு எண்ணி,
எண்ணம் தப்பி மறுபடி எண்ணினான்.
நம்பியூர் பஸ் வந்துவிட்டது.

பெட்டியைக் கட்டும்போது
தங்கமுத்து காக்கிக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.
காலியான குப்பியைக் காட்டினேன்.
மடித்த கை மடித்தபடியே
கொஞ்ச நேரம் நின்றார்.
அடுத்த மாசம் என்னிக்கு வர்றீங்க?
தேதி சொன்னேன்.
எழுதிக் குடுத்துருங்களே என்றார்.